கோட்டைக் காவலனாக நடித்த தவளை

"கம்! கோ! நெட்! டேஞ்சர்!"

நாணல் புதருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், கொக்கு வாத்தியாரின் இங்கிலீஷ் வகுப்பு!

காரணம் இருந்தது. குளிர்காலம் வந்தால் அந்த ஏரிக்கு மலை தாண்டி வாத்துக் கூட்டம் வரும். அவற்றுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். போன வருடம் வேடன் விரித்த வலைமேலேயே இறங்கின. ஏரியே தமிழில் கத்தியது, புரியவில்லை. வாத்தியார் இங்கிலீஷில் கத்தினார். அவருடைய கரகரக் குரல் மேலே எட்டவில்லை. பாதிக் கூட்டம் ஊர் திரும்பவில்லை.

வானம்வரை எட்டுகிற குரல் முழங்கி என்ற தவளைக்குத்தான் உண்டு. அதற்கு எல்லா வார்த்தையும் மனப்பாடம். ஆனால் "எழுந்து பேசு!" என்றால் பயத்தில் வார்த்தை பாதியிலேயே நின்றுவிடும்.

"தப்பு! ஒற்றைக்காலில் நில்!" என்பார் வாத்தியார். அவருக்கு அது சுகமான நிலை. முழங்கியோ குப்புற விழும். வகுப்பே சிரிக்கும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மைனா ஒருநாள் கேட்டது. "வாத்தியாரே, பிள்ளைகளை வெச்சு நாடகம் போடட்டுமா?"

"கூத்தடிச்சா படிப்பு என்னாகிறது?"

"இவ்வளவு படிச்சும் யாராவது வாயைத் திறந்தாங்களா?"

"சரி, போட்டுத்தான் பாரேன்" என்றார் வாத்தியார்.

மைனா முழங்கியின் தலையில் ஓர் இலையைக் கவிழ்த்தது. "இனி நீ தவளை இல்லை. ராஜாவோட கோட்டைக் காவலன். அதோ திருடன்! விரட்டு!"

"அக்கா, தப்பா வந்துட்டா?"

"திருடன் என்ன பரீட்சையா வைக்கப் போறான்? விரட்டுடா!"

"கோ! கோ பேக்!"

திருடனாக நடித்த நண்டு நிஜமாகவே வளைக்குள் ஓடிவிட்டது. தன் குரலைக் கேட்டு முழங்கியே திகைத்துப் போனது. அன்றிலிருந்து தினம் ஒரு கதை நடித்தார்கள்.

ஒரு மூடுபனிக் காலை. மேலே சிறகுகளின் இரைச்சல். கீழே நாணலோரம் புது வலை!

முழங்கி வாயைத் திறந்தது. மறுபடி அதே பயம்; வார்த்தை வெளியே வரவில்லை.

"காவலா! வாசல்ல யாரு?" என்று மைனா கூவியது.

முழங்கியின் மார்பு விம்மியது. "நோ கம்! நெட் இஸ்! கோ பேக்!"

வானம் அப்படியே சாய்ந்தது போலிருந்தது. எண்ண முடியாத சிறகுகள் ஒரே நொடியில் திரும்பின. அந்தக் காற்றில் நாணல் படுத்தது, பனி கிழிந்தது, வெயில் பட்ட வெள்ளை வயிறுகள் தீயாக ஜொலித்தன. ஏரியில் ஒரு மீன்கூட அசையவில்லை.

"ஹூ ஆர் யூ?" என்றது முன்னால் பறந்த வாத்து.

"ஐ ஆம் கிங் வாட்ச்மேன்!"

"தேங்க் யூ, வாட்ச்மேன்!" என்றது வானம் முழுதும்.

வாத்துகள் நடு ஏரியில் பத்திரமாக இறங்கின.

"எத்தனை தப்பு!" என்றார் வாத்தியார். குரல் தழுதழுத்தது. "அத்தனையும் புரிஞ்சுதேடா!"

 முழங்கியோ பசி எடுக்கவே, கொசு பிடிக்கப் போனது.

தப்பு வருமே என்று வாயை மூடிக்கொண்டால் எந்த மொழியும் வராது; நடித்தும் கதை சொல்லியும் அச்சம் மறந்து பேசினால் தானே வரும்.