தூக்கணாங்குருவி ஒரு வாசலை அடைத்த கதை

பறவையும் பாம்பும் ஒரே பாஷையில் வழக்குப் பேசிய காலம் அது. கிணற்றோரத்து ஈச்சமரத்தில், ஓர் இரவு, ‘சர்ர்... சர்ர்...’ என்று ஒரு சத்தம். காற்று இல்லை, ஓலை அசையவில்லை. யாரோ பொறுமையாக எதையோ உருவுகிற மாதிரி, விட்டு விட்டுக் கேட்டது. தூக்கணாங்குருவி மூன்று குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சத்தம் என்னவென்று புரிய, பகலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்போதெல்லாம் அவள் கூடு கவிழ்த்த பானை மாதிரி மட்டைமேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு வாசல். ஒன்று வந்துபோக, மற்றது அடுக்களைக்கு. அடுக்களை வாசலுக்கு அவள் பருத்தி நூலில் ஒரு பூத்திரை பின்னித் தொங்கவிட்டிருந்தாள். வளைந்த முள்தான் கொக்கி. ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணி. நடுவில் தாமரை, சுற்றிலும் மாங்காய். மரத்தார் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பாம்பும் வந்தது. பாராட்ட வந்தவரை வெளியே நிறுத்தக் கூடாது என்பது அந்த மரத்து வழக்கம்.

“வேலை முடிஞ்சுதா, தங்கச்சி?” என்று பாம்பு தன்மையாகக் கேட்டது.

ஓரம் வெறிச்சென்று இருக்கிறது, இன்னொரு வரிசை பூ போட்டால்தான் எடுப்பு என்று மைனா காலையில்தான் சொல்லியிருந்தாள். அதனால் குருவி, “ஒரு வரிசை பாக்கி அண்ணா. கடைசிக் கண்ணிக்கு இன்னும் முடிச்சுப் போடலை” என்று உள்ளதைச் சொன்னாள். பின்னுகிற எல்லோரும் அப்படித்தான் விட்டு வைப்பார்கள். அந்த நுனியை இழுத்தால் மொத்தமும் பிரிந்து வந்துவிடும்.

இருட்டில் பாம்பு அந்த நுனியைத்தான் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. மாங்காய் போயிற்று, தாமரை போயிற்று. திரை போன வாசலில் தலை நுழைந்தது. குருவி கொத்தினாள், கத்தினாள். ஒருவரும் வரவில்லை. குஞ்சுகளின் அப்பன் பக்கத்து மரத்தில் இன்னொருத்திக்கு வீடு கட்டப் போயிருந்தான்.

விடிந்தபோது குஞ்சுகள் இரண்டு.

பஞ்சாயத்துக்கு அண்டங்காக்கை தலைவர். பின்னலைப் பார்க்க வந்தேன், வாசல் திறந்திருந்தது என்றது பாம்பு. அதை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. கேள்வியெல்லாம் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத்தான். அடுக்களைக்கு எதற்கு அலங்காரம்? பிள்ளை பெற்றவளுக்கு என்ன பின்னல் வேண்டிக்கிடக்கிறது? முடிச்சை ஏன் போடவில்லை? இன்னொரு வரிசை கேட்ட அதே மைனா, தான் அப்போதே நினைத்ததாகச் சொன்னாள்.

குருவி பஞ்சாயத்தின் நடுவில் வந்து நின்றாள். “முடிச்சுப் போடாதது என் தப்புன்னே வச்சுக்குங்க. பிள்ளையைத் தின்னது யார் தப்பு? அதைக் கேக்க இங்கே ஒரு வாய்கூடவா இல்லை?”

காக்கை தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கை அடுத்த அமாவாசைக்குத் தள்ளிவைத்தது.

அவள் அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. பருத்தியைத் தொடவே இல்லை. புல்லை இழை இழையாகக் கிழித்து, கூட்டை ஓலை நுனியில் தொங்கவிட்டு, கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டாள். வந்துபோகும் வாசலைக் கீழ்நோக்கி நீளக் குழாயாக இறக்கினாள், ஊர்ந்து வருகிறவனுக்குப் பிடிமானமே இல்லாதபடி. மற்ற வாசல் மட்டும் மிச்சம்.

பொழுது சாய, மரத்தார் துக்கம் கேட்க அங்கே வந்து கூடினார்கள். கூட்டத்தோடு பாம்பும் நின்றது. வந்தவர்களை வெளியே நிறுத்துவது முறையா என்று காக்கை குரல் கொடுத்தது. குருவி உள்ளே இருந்தபடியே புல்லிழையை வாசலுக்குக் குறுக்கே இழுத்தாள்.

தூக்கணாங்குருவி கூட்டை இரண்டு வாசலோடு தொடங்கி, முட்டையிடும் முன் ஒன்றை அடைத்துவிடுவது அந்த மாலையிலிருந்துதான். யார் கூப்பிட்டாலும் சரி, அந்த வாசலுக்கு உள்பக்கம்தான் தாழ்.