இடப்பக்கத்து டயர்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சபையை நடத்தும் அருளம்மை. அவரை எல்லோரும் அம்மா என்போம், வயது நாற்பத்தொன்பது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சவரிராயன், வயது அறுபத்திரண்டு. பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் டயர் பிரிவில் வேலை பார்த்தவர். டிராக்டர் ஓட்டும் தவசிக்கனி. சமைத்து, சாமான் ஏற்றி அனுப்பும் கோமதி. இருப்பதையும் இல்லாததையும் எண்ணி எழுதி வைக்கும் நான்.

வெள்ளிக்கிழமை காலை. தீவில் பதினேழு வீடுகள் இருக்கின்றன. வெள்ளிதோறும் அங்கே அரிசியும் மருந்தும் போகும். சபையிலிருந்து துறைக்கு ஆறு கிலோமீட்டர். சின்னப் படகை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, டிராக்டரில் மாட்டி இழுத்துப் போவார்கள். சவரிராயனும் கோமதியும் படகில் தீவுக்குப் போவார்கள். தவசிக்கனி கரையில் வண்டியோடு இருப்பான்.

டிரெய்லரின் இடது டயர் தேய்ந்துகொண்டே இருந்தது. வலது டயருக்கு ஒன்றும் இல்லை. இடதில் இரண்டு ஓரமும் வழுக்கையாகிவிடும், நடுவில் மட்டும் டயரின் மேடுகள், பட்டன் என்பார்கள், நிற்கும். காற்றுக் குறைந்த டயர்தான் அப்படித் தேயும் என்றார் சவரிராயன். ஆனால் வெள்ளிதோறும் காற்றுப் பார்ப்பவர் அவர்தான். இரண்டு டயரிலும் முப்பத்தாறு பவுண்டு. படகை இறக்கிவிட்டு, வெறும் டிரெய்லரை ஜாக்கியில் தூக்கி வைத்து, ஆக்சில், பேரிங், வில்பட்டை எல்லாவற்றையும் மூன்று தடவை பார்த்துவிட்டார். ஒரு குறையும் இல்லை.

மீதி இருந்தது ஓட்டுகிறவன். கடற்கரை மணலில் வண்டி புதையாமல் இருக்கச் சில டிரைவர்கள் டயரில் காற்றை இறக்கிவிடுவார்கள். தான் தீவுக்குப் போயிருக்கும் நேரத்தில் தவசிக்கனி இடது டயரில் அதைத்தான் செய்கிறான், தான் திரும்பும்முன் அடித்து வைத்துவிடுகிறான் என்று சவரிராயன் முடிவு செய்தார். இனி அவன் டிராக்டரைத் தொட்டால் தான் சபையில் இருக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

தவசிக்கனி ஒன்பது வருடத்துக்கு முன் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்தவன். சபையைத் தவிர அவனுக்குப் போக்கிடம் இல்லை. காற்றைத் தொட்டதே இல்லை என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லாமல், சாவியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தான்.

சாவி அங்கேயே இருந்தது. சவரிராயன் கேட்டார்.

"அம்மா, எனக்கு ஒண்ணுதான் தெரியணும். குத்தம் டயர்லயா, வண்டியிலயா, ஓட்டுறவன்கிட்டயா?"

அம்மா கோமதியிடம் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கி அவரிடம் நீட்டினார்.

சவரிராயனுக்குச் சிரிப்பு வந்தது. டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியைப் பத்தடி உருட்டிப் பார்ப்பது டெப்போ வழக்கம். கோடு முழுக்க ஒரே மாதிரி அழிந்தால் காற்று சரி. ஓரம் மட்டும் அழிந்தால் காற்றுப் போதவில்லை.

"இதை நான் நூறு தடவை பண்ணியாச்சும்மா."

"நூத்தியொண்ணு பண்ணுங்க."

படகு டிரெய்லரில் இருந்தது. அரிசி மூட்டை நடுவில் இருந்தது. சவரிராயன் இரண்டு டயரிலும் கோடு போட்டார். அம்மா சாவியைத் தவசிக்கனியிடம் கொடுத்தார். அவன் வண்டியை எடுத்தான். சவரிராயன் இடது டயரின் கூடவே குனிந்து நடந்தார்.

இரண்டு கோடும் ஓரத்துக்கு ஓரம் ஒரே மாதிரி அழிந்திருந்தன.

அவர் கொஞ்ச நேரம் டயரையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். தான் கூடவே நடந்ததால் பயந்து ஒழுங்காக ஓட்டியிருக்கிறான் என்றார்.

"பத்தடி தூரத்துல நான் என்ன அண்ணாச்சி பண்ண முடியும்?" என்றான் தவசிக்கனி. "பெருமூச்சு விட்டா காத்து எறங்கிருமா?"

அம்மா, வெள்ளிக்கிழமை எப்படிப் போவார்களோ அப்படியே போகச் சொன்னார்.

கோமதி அலமாரியிலிருந்து சவரிராயனின் சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். ஸ்பேர் டயர் இரண்டு, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகை, காற்றடிக்கும் பம்ப், கிரீஸ் டின். ஸ்பேனர் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. போன மாதத்தைவிட இந்த மாதம் பெட்டி கனக்கிறது, உள்ளே குட்டி போட்டிருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் இடது டயருக்கு வேண்டியவை. ஆகவே எல்லாவற்றையும் சவரிராயன் படகின் இடப்பக்கமே அடுக்கினார். அடுக்கி முடித்து அவரும் ஏறி, வழக்கம்போல இடது விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து சாய்ந்தால் டயர் தெரியும்.

நான் இரண்டு டயரிலும் புதுக் கோடு போட்டேன். வண்டி பத்தடி போனது.

வலது கோடு சமமாக அழிந்தது. இடதில் ஓரம் இரண்டும் அழிந்து, நடுவில் கோடு வெள்ளையாக நின்றது.

சவரிராயன் இறங்கிக் காற்றுப் பார்த்தார். முப்பத்தாறு. மீட்டரைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். முப்பத்தாறு.

"காத்து இருக்கு," என்றார். "இருந்தும் இல்லாத மாதிரி தேயுது."

அவர் டயரைக் கையால் தட்டினார். டிரெய்லரைச் சுற்றி ஒருமுறை வந்தார். பிறகு தவசிக்கனியைப் பார்த்து, கிளட்சை விடும்போது ஏதோ செய்கிறாய், எனக்குத் தெரியவில்லை, ஆனால் செய்கிறாய் என்றார். அவனை இறங்கச் சொல்லிவிட்டு, புதுக் கோடு போட்டு, தானே டிராக்டரில் ஏறி ஓட்டினார்.

இந்தத் தடவை ஓரம் இரண்டும் முழுக்க அழிந்திருந்தன. நடுவும் பாதி அழிந்திருந்தது.

"பார்த்தீங்களா," என்றார். குரலில் தெம்பு வந்துவிட்டது. "நான் ஓட்டினா வித்தியாசம் கொறையுது."

"ஆமா, கொறையுது," என்றார் அம்மா. "இறங்காதீங்க. தவசிக்கனி, நீ மேல ஏறி அண்ணாச்சி எடத்துல உக்காரு."

தவசிக்கனி ஏறினான். சவரிராயன் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தான். நான் கோடு போட்டேன். சவரிராயன் ஓட்டினார், கிளட்சை அத்தனை பதமாக விட்டார்.

இறங்கி வந்து பார்த்தார். ஓரம் இரண்டும் அழிந்திருந்தன. நடுவில் கோடு வெள்ளையாக நின்றது.

அவர் கோட்டைப் பார்த்தார். மேலே உட்கார்ந்திருந்த தவசிக்கனியைப் பார்த்தார். அவனைச் சுற்றி இருந்த சாமான்களைப் பார்த்தார். இறங்கச் சொல்லிக் கைகாட்டினார். அவன் இறங்கியதும் டிரெய்லரின் இடப்பக்கம் லேசாக எழும்பியது, அமுங்கியிருந்த டயரும் நிமிர்ந்தது. மறுபடியும் ஏறச் சொன்னார். மறுபடியும் இறங்கச் சொன்னார்.

"இப்படியே எத்தனை வாட்டி அண்ணாச்சி? ஊஞ்சலா?" என்று கேட்டான்.

சவரிராயன் அம்மாவிடம் திரும்பினார்.

"நான் இதுல ஏறுறதுக்கு முன்னாலயே ஒரு டயர் தேஞ்சதும்மா. அதைப் பார்த்துட்டுத்தானே நான் ஏற ஆரம்பிச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நோட்டை எடுத்து வாசித்தேன். முதல் இடது டயர் ஓடியது ஐந்து வருடம் இரண்டு மாதம். இரண்டாவது ஏழு மாதம். மூன்றாவது நான்கு மாதம். இப்போது இருப்பது நான்காவது, மாட்டி ஒன்பது வாரம்.

"இன்னொரு தடவை வாசிங்க," என்றார் சவரிராயன்.

வாசித்தேன்.

அவர் படகில் ஏறினார். சாமான்களை ஒவ்வொன்றாக விளிம்புக்குக் கொண்டுவந்தார். தவசிக்கனி கீழே நின்று வாங்கி வைத்தான். ஸ்பேனர் பெட்டிக்கு மட்டும் இருவரும் சேர்ந்தார்கள்.

தவசிக்கனி டிராக்டருக்குப் போய், இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தான். கோமதி மருந்துப் பையோடு படகில் ஏறினாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

சவரிராயன் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அப்போ நான் எங்க உக்காரணும்மா?"

"தவசிக்கனிகிட்ட கேளுங்க."

அவர் அசையவில்லை. கடைசியில் டிராக்டரின் பக்கம் நடந்து போனார். பெரிய சக்கரத்தின் அருகே நின்று அண்ணாந்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

தவசிக்கனி இஞ்சினை அணைத்தான்.

இனி எது சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும். சவரிராயன் வாய் திறந்தபடி நின்றார். நான் அந்தப் பக்கம் பார்ப்பது முறையல்ல என்று, தரையில் இறக்கி வைத்தவற்றை எண்ணத் தொடங்கினேன். ஏழு.