கந்தகக் காப்பு

சென்னைப் பட்டணத்தின் வடகோடியில், துறைமுகத்தை ஒட்டி வேலன்பேட்டை என்று ஒரு பேட்டை இருந்தது. யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, ஒரு குடிசைக்கு மூன்று குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தால் அதிசயம், கடையில் சோப்பு கிடைத்தால் பேரதிசயம். அங்கே தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது சிரங்கு ஒன்றுதான். தவழும் பிள்ளை முதல் கோலி ஆடும் பிள்ளை வரை சொறிந்துகொண்டே இருந்தார்கள்.

பழைய கிடங்கு ஒன்றின் முன்னறையில் நடந்துவந்த குழந்தைகள் நல நிலையத்தில் ஆயாவாக இருந்தார் கன்னியம்மாள். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர். வரும் வழியில் கணவரையும் கைக்குழந்தையையும் மண்ணுக்குக் கொடுத்தவர். அதற்குப் பிறகும் விடிந்ததும் பாலமுருகன் கோயில் கொடிமரத்தடியில் போய் நிற்பார். "உனுக்கு அந்த முருகன் மேல கோவமே இல்லியா?" என்று யாராவது கேட்டால், "அவன் இன்னா பண்ணுவான்? அவனும் சின்னப் புள்ளதானே!" என்று சிரிப்பார். முருகனுக்காக அவர் பரிந்து பேசுவதைக் கேட்டால், கடவுள் யார், காப்பாற்றுகிறவர் யார் என்று நமக்கே குழப்பம் வந்துவிடும்.

கும்பிட்டு முடித்ததும் நிலையத்துக்கு வந்து வெந்நீர் போடுவார். பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கந்தகப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசுவார். அதிலும் முதலில் விரலிடுக்கு. சிரங்குப் பூச்சி குடியிருப்பதே அங்கேதான் என்று நர்ஸ் ரூத்தம்மாள் சொல்லிக் கொடுத்ததை அவர் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எரிகிறது என்று பிள்ளை அலறினால், "அழுவாத ராசா! கோயில்ல சாமிக்குச் சந்தனக் காப்பு. இங்க என் சாமிக்குக் கந்தகக் காப்பு!" என்பார். மஞ்சளாக மினுங்கும் பிள்ளையை எட்ட நிறுத்தி ஒரு கும்பிடும் போடுவார். தெருவே கைகொட்டிச் சிரித்தது. "கந்தக சாமியாரம்மா" என்று பட்டமும் வைத்தார்கள். கன்னியம்மாளுக்கு அந்தப் பட்டத்தில் கொள்ளைப் பெருமை.

சிரித்தவர்கள் பிள்ளைகளை அனுப்பியிருந்தால் தொல்லையில்லை. "மருந்து பூசினா செரங்கு உள்ள பூந்துக்கும், அப்பால மாந்தம் வந்து கொயந்த பூடும்" என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. ஆடி பிறந்தபோது நிலையத்துக்கு வரும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாள் ரூத்தம்மாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"ஆயா, பிள்ளைங்களே வராத நிலையம் எதுக்குன்னு மேலிடத்துல கேக்குறாங்க. இந்த மாசத்தோட மூடிடுவாங்க போலிருக்கு."

"மூடினா புள்ளைங்க கதி?"

சிரங்கு சீழ்வைத்துக் காய்ச்சலில் விழுந்த பிள்ளைகளை இருவருமே பார்த்திருந்தார்கள். கன்னியம்மாள் நேரே கோயிலுக்குப் போய், "உன் கூட்டாளிங்கள இட்டுக்கினு வரவேண்டியது உன் பொறுப்பு" என்று முருகனிடம் கறாராகச் சொல்லத் தொடங்கினார்.

பாதியிலேயே குறுக்கே வந்து நின்றார் தர்மகர்த்தா பக்கிரிசாமி முதலியார். கோடையிலும் அங்கவஸ்திரத்துக்குள் கைகளைப் பொத்தி வைத்துக்கொள்ளும் பெரிய மனிதர். "இன்னாம்மா, ஊர்ச் சொறியத் தொட்ட கையோட கோயிலுக்குள்ள வரியே, நல்லாகீதா? கிருத்திகைக்குக் கூட்டம் வரும். இனிமே வாசப்படி தாண்டாத" என்றார். கன்னியம்மாள் அடுத்த நாளிலிருந்து தெருவில் நின்று கும்பிட்டார். "பரவால்ல முருகா, இங்கயிருந்தும் உன் மூஞ்சி தெரியுது" என்று அவனுக்கே ஆறுதலும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவர் கண் கலங்கியதைத் தெருவில் யாரும் கவனிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மாலை. ரூத்தம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார். கன்னியம்மாள் கதவைச் சாத்தப் போகும்போது ஐந்து வயதுப் பையன் ஒருவன் துணையில்லாமல் வந்து நின்றான். கோவணம் மட்டும் கட்டியிருந்தான், உடம்பெல்லாம் சிரங்கு.

"யாரு புள்ளடா நீ? உங்கப்பன் எங்க வேல செய்யுறாரு?"

"சுடுகாட்டாண்ட."

"ஐயோ பாவம். அம்மா?"

"கோச்சிக்கினு மலையேறிட்டேன்."

"சரியான வாலு! கூடப் பொறந்தவங்க?"

"அண்ணன் ஒத்தன். தின்னுட்டுத் தொப்பையோட குந்திக்கினே கீறான்."

இதைக் கேட்ட பிறகும் அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கவலையெல்லாம் எண்ணெயைப் பற்றி. கந்தகப் பொடி டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. நிலையத்தில் எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. கிருத்திகை விளக்குக்கென்று, ரேஷனில் கிடைத்ததைச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு சீசா தேங்காயெண்ணெய் அவர் பையில் இருந்தது. கோயிலுக்குள்தான் போக முடியாது, வாசலிலாவது விளக்கேற்றலாம் என்று வைத்திருந்தார். ஒரு கணம் கோயில் பக்கம் பார்த்தார். பிறகு, "நீ இருட்டுல இருந்துக்கோ முருகா, இவன் அரிப்புல இருக்க மாட்டான்" என்று சீசாவைக் கவிழ்த்துவிட்டார்.

குளிப்பாட்டிப் பூசும்போது அந்தப் பையன் அழவேயில்லை. கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தான். விரலிடுக்கில் பூசும்போது சிரிப்பு தாங்காமல் அவர் தோளைக் கடித்தும் வைத்தான்.

"நாளிக்கும் வா, கண்ணு. இன்னும் பூசணும்."

"நாளிக்கு எனுக்கு விசேசம். நீ வா" என்று சொல்லிவிட்டு ஓடியே போனான்.

கிருத்திகை விடிந்தது. சந்தனக் காப்புக்கு எல்லாம் தயார். முதலியார் பூட்டைத் திறந்துவிட்டதும் கருவறைக்குள் போன குருக்கள், போன வேகத்தில் வெளியே ஓடிவந்தார். "முதலியார்வாள், சுவாமிக்குக் காப்பு ஆகியிருக்கு! ஆனா சந்தனமில்லே. மோந்து பாருங்கோ, கந்தகம்!"

முதலியாருக்கு ஆத்திரம் பொங்கியது. "அந்தப் பொம்பள வேலதான்! எவன் சாவி குடுத்தான் அவளுக்கு?"

"சாவி உங்க இடுப்பிலேன்னா இருக்கு" என்றார் குருக்கள் பணிவாக. "விரலிடுக்கு விடாம பூசியிருக்கு, பாருங்கோ. நான் ஆயுசுல சுவாமிக்கு விரலிடுக்குல காப்பு சாத்தினதில்லே."

முதலியார் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சாவி இருந்தது.

சேதி கேட்டுப் பேட்டையே திரண்டது. கூட்டம் கன்னியம்மாளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டது. அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். மஞ்சள் பூசி நின்ற அந்தச் சின்ன உருவத்தில் நேற்றைய குறும்புச் சிரிப்பு அப்படியே இருந்தது. அவருக்குக் கண்ணீர் கொட்டியது. ஆனால் குருக்கள் அபிஷேகத்துக்குக் குடத்தை எடுத்ததைப் பார்த்தாரோ இல்லையோ, கத்திவிட்டார்:

"ஐயோ, மருந்தக் கயுவிடாதீங்க சாமி! ஒரு பகலாவது ஊறணும்!"

குருக்கள் குடத்தைக் கீழே வைத்தார். முதலியார் வாசலுக்கு வந்தார். ஊரே பார்க்க அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை காலம் மறைத்துவைத்த இரண்டு கைகளையும் நீட்டினார். விரலிடுக்கெல்லாம் சிரங்கு.

"உள்ள வாம்மா," என்றார். "அவனாண்ட நின்னு கும்புடு. அப்பால எனுக்கும் கொஞ்சம் பூசிவுடு."

அன்று முழுவதும் வேலன்பேட்டை முருகன் கந்தகக் காப்பிலேயே காட்சி கொடுத்தான். சாமி பூசிக்கொண்ட மருந்து எப்படிப் பிள்ளையைக் கொல்லும் என்று தாய்மார்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் நிலையத்து வாசலிலிருந்து தெருமுனை வரை பிள்ளைகள் வரிசை. ரூத்தம்மாள் திணறிப்போனார். எண்ணெய்க்குக் கோயிலிலிருந்து குடமே வந்தது. மூடும் பேச்சை மேலிடத்திலும் பிறகு யாரும் எடுக்கவில்லை.

வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் கன்னியம்மாள் உற்றுப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று ரூத்தம்மாள் கேட்டதற்கு, "ஒத்தன் ரெண்டாந்தபா பூசிக்கணும். ஏமாத்திட்டான்" என்றார்.

ஊர் அழுக்கைக் கழுவி, பிள்ளையும் தெய்வமும் ஒன்றென்று தொட்ட அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.