நண்டுத்தீவு தொடுத்த வழக்கு

யாரையும் சட்டென்று நம்பிவிடாமல் இந்தக் கதையைக் கேளுங்கள். சொல்கிற என்னையும் சேர்த்துத்தான்.

தெற்குக் கடலில் நண்டுத்தீவு என்று ஒரு சின்ன நாடு. மொத்தமே இருநூறு குடும்பங்கள். ஆண்டுக்கு ஆண்டு கடல் மேலேறி வந்து தென்னந்தோப்பை விழுங்கியது, வீடுகளை விழுங்கியது, குடிநீர்க் கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. காரணம் வடக்கே வெகுதூரத்தில் இருந்தது. கரும்புகை நாட்டில் ஆயிரம் உலைகள் ஓயாமல் எரிந்தன. அந்தப் புகை உலகத்தைச் சூடாக்கியது. சூட்டில் பனிமலைகள் உருகின. உருகிய நீர் நண்டுத்தீவின் வாசலுக்கு வந்தது.

அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. தலைவி பேசலாம், வாதாடலாம். நாட்டின் முத்திரை மட்டும் அவளிடம் இருக்காது. கடைசியாகக் கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர் யாரோ, அவர் கையில்தான் இருக்கும். அவர் பதிக்காமல் எதுவும் செல்லாது. வீடு உள்ளவருக்கு வீடில்லாதவரின் தவிப்பு மறந்துபோகும் என்று முன்னோர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நல்ல சந்தேகம்.

தலைவி பேச்சாயி சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். மனுவில் முத்திரை பதித்தவள் அவள் மகள் அஞ்சலை. போன மழையில் வீடு போனவள், இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

எல்லா நாடுகளும் சேர்ந்து வைத்த மன்றம் அது. பெரிய கட்டடம், நூறு படிகள். ஆனால் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு சேவகன்கூடக் கிடையாது. மதிக்காதவர் மதிக்கவில்லை, அவ்வளவுதான். வழக்குப் போட்டவரே திரும்பப் பெற்றால் தீர்ப்பும் இல்லை. பின்வரிசையில் இன்னும் இருபது தீவுகளின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் இதே குறையைச் சொல்லும் ஒரு மனு. நண்டுத்தீவு ஜெயித்தால் கொடுக்கலாம் என்று காத்திருந்தார்கள்.

கரும்புகை நாட்டின் தூதர் குணபாலர் தேனொழுகப் பேசினார். "அடுப்பெரியாத வீடு எது? எங்கள் புகை எது, இவர்கள் மீன் சுடும் புகை எது என்று யார் பிரிப்பது? கிணறு கடலுக்குள் இருக்கிறதாம். அப்படியானால் கடலில்தான் தோண்டியிருப்பார்கள்."

பேச்சாயி எழுந்தாள். "கடலுக்குள்ள எவனாச்சும் குடிதண்ணிக்குக் கெணறு தோண்டுவானாய்யா? கல்லுல கயிறு தேஞ்ச தடம் இன்னும் இருக்கு. நம்பலன்னா முங்கிப் பாருங்க."

மன்றம் சிரித்தது. நீதிபதி மாதேவர் மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு நாள் காலையில், தாயும் மகளும் தங்கியிருந்த சத்திரத்துக்குக் குணபாலர் வந்தார். கையில் அரசர் கையெழுத்திட்ட பத்திரம். இருநூறு குடும்பங்களுக்கும் மலையடிவாரத்தில் நிலம், வற்றாத ஊற்று. ஒரே நிபந்தனை, தீர்ப்பு வாசிப்பதற்குள் வழக்கைத் திரும்பப் பெற வேண்டும்.

அவர் வெளியே போனதும் பேச்சாயி சொன்னாள். "மடியில கனமில்லன்னா வழியில எதுக்குப் பயம்? தோத்துருவோம்னு தெரிஞ்சுதான் வந்திருக்கான். வேணாம்டி."

"அவருக்குப் பயம் இருந்துட்டுப் போகட்டும்மா. எனக்கு மண்ணு வேணும். ஐப்பசி பொறந்தா தீவே இருக்காது. புள்ளைய எங்க போட்டு வளப்பேன்?"

"இருபது தீவு நம்மள நம்பி உக்காந்திருக்கு."

"அவங்க காலுக்குக் கீழ இன்னும் தரை இருக்குல்ல?"

அப்படியும் பேச்சாயியால் சம்மதிக்க முடியவில்லை.

மன்றம் கூடியதும், வழக்கைத் திரும்பப் பெறும் தாளில் அஞ்சலை முத்திரை பதித்து நீதிபதியிடம் நீட்டினாள். மை காயவில்லை. குணபாலரின் கையில் நிலப் பத்திரம், முகத்தில் கல்யாண வீட்டுக் களை. மாதேவருக்குச் சந்தேகம் தட்டியது. பெண்ணை விலைக்கு வாங்கிவிட்டார்களோ?

"தலைவிக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா" என்றாள் பேச்சாயி.

அவர் தாளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தீர்ப்பை வாசித்தார். குற்றம் கரும்புகை நாட்டின்மேல். உலைகளைக் குறைக்க வேண்டும். மண்ணை இழந்தவர்களுக்கு மண் தர வேண்டும். மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. குணபாலர் பத்திரத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "பரிசீலிப்போம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இன்றுவரை பரிசீலிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். இருபது தீவுகளும் அதன் நகலைக் காட்டி நாடு நாடாக வழக்காடின. கரும்புகை நாட்டு இரும்பை வாங்கப் பலர் தயங்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் நூறு உலைகள் அணைந்தன. ஆனால் அதற்கு முன்பே, அந்தக் கார்த்திகையிலேயே, நண்டுத்தீவு போய்விட்டது. இருநூறு குடும்பங்களும் கிடைத்த படகில் ஏறித் திசைக்கொன்றாகப் பிரிந்தன. அஞ்சலைக்குப் படகிலேயே பிரசவம் ஆனது.

கைக்கு வந்த நிலத்தைப் பிறருக்காக மறுத்தாள் பேச்சாயி. பிறர் நியாயத்தை விட்டுக்கொடுத்து நிலத்தைக் கேட்டாள் அஞ்சலை. அவள் முத்திரையை ஒதுக்கி உலகத்துக்கு நியாயம் சொன்னார் மாதேவர். இதில் யார் செய்தது சரி?

விடை: அஞ்சலை செய்ததே சரி. பேச்சாயியின் மனசு பெரிது, ஆனால் அவள் விட்டுக்கொடுத்தது அவளுடையதல்ல. மாதேவரின் சந்தேகமும் நியாயமானதுதான். அதைத் தவறான ஆளின்மேல் வைத்தார். சந்தேகப்பட வேண்டியது குணபாலரை. "பத்திரத்தை முதலில் என் மேசையில் வை" என்று கேட்டிருந்தால் அவர் வைத்திருப்பார், ஏனென்றால் தீர்ப்பை வாசிக்காத வரைதான் அவருக்குப் பயம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மனுவை வாங்கி, இதே தீர்ப்பை வேறொரு தீவின் பெயரில் சொல்லியிருக்கலாம். இருபது தீவுகளுக்கும் கொஞ்சம் பொறுக்க நேரம் இருந்தது. அஞ்சலைக்கு இல்லை. அவள் மகளுக்கு இப்போது மூன்று வயது. ஒண்டியிருக்கும் ஊரின் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டார்கள். எந்த நாடு என்ற இடத்தில் மட்டும் இன்னும் எதுவும் எழுதவில்லை.