பச்சை நண்டுகளுக்கு ஒரு தூது

மகிழங்காட்டு அரண்மனையில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. கப்பல் வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனது. ராஜா காலத்தில் அது எந்தக் கரண்டில் ஓடியது என்று கேட்கக் கூடாது. கதைக்குள் வந்துவிட்டால் எல்லாம் ஓடும்.

பெட்டியின் கண்ணாடியில் கருப்பு வானம். மேலேயிருந்து வேற்றுக்கிரகத்துப் படை, பச்சைப் பச்சையாய் நண்டு மாதிரி, வரிசை கட்டி இறங்கும். கீழே ஒரே ஒரு பீரங்கி. மன்னர் இளவழுதி குமிழைத் திருகித் திருகிச் சுடுவார். ஒரு படையைத் தீர்த்தால் அடுத்தது இன்னும் வேகமாய் வரும். கடைசியில் பீரங்கி டமார்! கண்ணாடியில் ஏதோ பரங்கி எழுத்து மின்னும்.

"என்னய்யா எழுதியிருக்கிறான்?" என்பார் மன்னர்.

அமைச்சர் தாண்டவராயர் கூசாமல் சொல்வார்: "'உன் கோட்டைக்கு வருகிறோம்' என்று மிரட்டுகிறான், அரசே. எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்."

பயந்துபோன மன்னர் எதற்கெடுத்தாலும் அமைச்சரையே கேட்டார். அமைச்சருக்கு அதுதானே வேண்டும்? அவருக்கு இருந்த ஒரே உறுத்தல், மன்னரைச் சிரிக்க வைக்கும் அரண்மனைக் கோமாளி கொழுந்தப்பன்.

ஒருநாள் சபையில் பற்ற வைத்தார். "அரசே, இந்தப் படையை ஒரே மூச்சில் ஒழிப்பேன் என்று கொழுந்தப்பன் ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறான்."

மன்னர் கொழுந்தப்பன் பக்கம் திரும்பினார். "அப்படியா! சுடடா பார்ப்போம். தோற்றால், திருவிழா வாணத்தில் உன்னைக் கட்டி அந்த நண்டுகளிடமே அனுப்பிவிடுவேன்!"

வாசலில் பனைமர உயரத்துக்கு வாணத்தை நிறுத்தியாயிற்று. கொழுந்தப்பன் அந்தக் குமிழைத் தொட்டதுகூட இல்லை. திரும்பிப் பார்த்தான். அமைச்சர் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சுடுகிறேன், அரசே. அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். இவர்களுக்குத் தூது அனுப்பினோமா?"

"இல்லையே..."

"தூது அனுப்பாமல் போர் தொடுப்பது நம் வம்சத்து வழக்கமா? அதனால்தான் எத்தனை சுட்டாலும் ஜெயம் வரவில்லை!"

மன்னர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அபசாரம்! யாரை அனுப்பலாம்?"

"என்னை அனுப்பினால், கோமாளியை அனுப்பினான் என்று கோபித்துக்கொள்வார்கள். பெரிய மனிதராக வேண்டும். அவர்கள் எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டும். நம்மிடம் ஒரே ஒருவர்தான் இருக்கிறார்."

சபை மொத்தமும் அமைச்சர் பக்கம் திரும்பியது.

"எனக்கு... முட்டிவலி, அரசே."

"பறக்கப் போகிறவருக்கு முட்டி எதற்கு, சுவாமி?" என்றான் கொழுந்தப்பன்.

காவலர்கள் அமைச்சரைத் தூக்கிக்கொண்டு போய் வாணத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒருவன் பந்தத்தோடு திரிப் பக்கம் குனிந்தான்.

"ஐயோ, வேண்டாம்! அங்கே யாருமே இல்லை! அது வெறும் பொம்மை, அரசே! பிள்ளைகள் விளையாடுகிற பெட்டி! அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது!"

மன்னர் பெட்டியைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார்.

"அப்படியென்றால் இத்தனை நாளும் நான் யாரோடுதான் சண்டை போட்டேன்?"

கொழுந்தப்பன் கைகட்டி நின்றான். "அமைச்சரோடுதான், அரசே. இன்றைக்குத்தான் ஜெயித்திருக்கிறீர்கள்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. அதைக்கூட எடுக்காமல், கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பனுக்குப் போட்டார்.