கல்வரை ஈசருக்குத் துத்தநாகம் தந்த அஞ்சலாட்சி அம்மையார்

1986 மார்ச் 3ஆம் தேதி, தென்னாற்காடு மாவட்டம் கல்வரையில் இருந்த தாது ஆய்வுக்கூடத்தில் அஞ்சலாட்சி அம்மையார் தொட்டி கழுவும் வேலையில் சேர்ந்தார்.

குன்றில் வெட்டிய கந்தகத் தாதுவைப் பொடித்து அங்கே புளித்த நீரில் ஊறவைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று, உள்ளிருக்கும் துத்தநாகத்தை நீரில் கரைத்துவிடும். அவற்றுக்கு இரும்பு உப்புக் கரைசல் ஊற்றுவதும் அம்மையாரின் பணி. பச்சைக் கரைசல் துருநிறமானால் அவை உயிரோடிருப்பதாகப் பொருள். “சிவசிவ” என்று சொல்லாமல் அவர் ஒருநாளும் ஊற்றியதில்லை.

“என்னா பெரியம்மா, கிருமிக்கெல்லாம் ஊட்டியாச்சா? தாலாட்டு எப்போ?” என்பார் காவலாளி தனவேலு.

“அதுங்களும் அவரு புள்ளைங்கதாம்பா.”

குன்றின்மேல் கல்வரை ஈசர் விளக்கின்றி இருட்டில் இருந்தார். கற்பூரம் எரியும்போது மட்டும் முகம் தெரியும். பார்த்துத் தீர்வதற்குள் அணைந்துவிடும். தம் செப்புக்குடத்தோடு இந்தக் கல்லின் துத்தநாகமும் சேர்ந்தால் ஒரு பித்தளை விளக்காகுமே என்று அம்மையார் ஏங்கினார். கரைசலிலிருந்து பிரித்தெடுக்கும் முதல் துத்தநாகத் தகட்டில் ஒரு துண்டு தருவதாக ஆய்வாளர் கனகசபாபதி சொல்லியிருந்தார்.

மறு ஆண்டு சிவராத்திரியின்போது தொட்டிகள் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த ஊறலுக்கு ஒரே ஒரு ஜாடியில்தான் நுண்ணுயிர் உறை இருந்தது. நன்றாக வளரட்டும் என்று அதில் இரண்டு கை திருநீறு இட்டார் அம்மையார். நான்காம் நாளும் தண்ணீர் பச்சையாகவே கிடந்தது. நீறு இட்டதை ஆய்வாளரிடம் தாமே போய்ச் சொன்னார்.

“சாம்பல் காரம்மா. இதுங்களுக்குப் புளிப்புதான் உயிரு. எல்லாம் செத்துப்போச்சு. மேலிடத்துல இனி கூடத்தையே மூடச் சொல்லிடுவாங்க” என்றார் கனகசபாபதி.

அம்மையார் அழுதபடி குன்றேறினார். “உன் நீறுன்னுதானே போட்டேன்? எனக்கு முகம் காட்டாட்டி போ. அதுங்களை ஏன் சாகவிட்ட?”

குருக்கள் கற்பூரம் ஏற்றினார். அன்று மட்டும் நிமிர்ந்து பார்க்க நாணி அம்மையார் தலை கவிழ்ந்தார். கருவறைப் பாறையிலிருந்து வாசற்படிவரை கசிந்திருந்த நீர் அந்த ஒளியில் துருநிறமாய்த் தெரிந்தது. விரலால் தொட்டு நாவில் வைத்தார். புளித்தது.

செம்பில் ஏந்திவந்த அந்த நீருக்கு நாற்பத்தெட்டு நாள் ஊட்டினார். தொட்டிகள் சிவந்தன. தம் காலடியில் வளர்த்த உயிர்களை ஈசரே அவரிடம் ஒப்படைத்தார் என்பது ஊரார் கூற்று. கண்ணில் படாதவற்றுக்கும் பசியறிந்து ஊட்டிய அந்தக் கைகள் வணங்கத்தக்கவை.

1987 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை, முதல் தகட்டின் துண்டையும் செப்புக்குடத்தையும் உருக்கி வார்த்த பித்தளை விளக்கு ஈசர் முன் ஏற்றப்பட்டது. அம்மையார் அரை நாள் விடுப்பு எடுத்து, ஈசரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.