சடைச்சியின் கடைசிப் பல்

மலையடிக் காட்டுக் கரடிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடைவாய்க் கோடியில் கடைசிப் பல் முளைத்தால்தான் அறிவு வரும் என்று நம்பின; அது முளைத்த கரடிதான் பஞ்சாயத்துப் பாறையில் ஏறிப் பேசலாம். முதலில் வாயைப் பிளந்து பல்லைக் காட்ட வேண்டும். பல் இல்லையென்றால் கீழே நின்று தலையாட்ட வேண்டியதுதான்.

நாலு வருடம் தலையாட்டிய சடைச்சிக் கரடிக்கு ஒருவழியாக அந்தப் பல் முளைத்தது. நேராகவா முளைத்தது? இடமில்லாமல் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டியது. ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. கறையானைக்கூட விழுங்க முடியவில்லை.

காட்டுக்கே பல் வைத்தியம் பார்க்கும் மரங்கொத்தி வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

"அக்கா, நிமிர்ந்து முளைத்திருந்தால் விட்டுவிடலாம். இது படுத்துக் கிடக்கிறது. இடுக்கில் அழுக்குச் சேர்ந்து பக்கத்துப் பல்லும் சொத்தையாகிவிடும். பிடுங்கிவிடலாம்!"

"பிடுங்குவதா? நாலு வருடம் காத்திருந்தது அதற்குத்தானா? போடா வெளியே!"

சடைச்சியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தேனடைகள் தொங்கும் தேன்பாறை முழுவதையும் தன் பிள்ளைகளுக்கே ஒதுக்கத் தலைவர் கரடி திட்டம் போட்டிருந்தது. குட்டிகளை வைத்திருக்கும் தாய்க் கரடிகள் எங்கே போகும்? வரும் பஞ்சாயத்தில் பேசியே ஆக வேண்டும்!

ஐந்து நாள் பஞ்சாயத்து கூடியது. முதல் நாளே சடைச்சி பாறையில் ஏறியது.

"வாயைத் திற!" என்றது தலைவர்.

தாடை இறுகிக் கிடந்தது. ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை.

"பல்லையும் காணோம், பேச்சையும் காணோம்! இறங்கு கீழே!"

பாறையே சிரித்தது. சடைச்சிக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் காட்டாவிட்டால் பேசக் கூடாது. பல் இருக்கும்வரை பேசவே முடியாது. என்ன அநியாயம் இது!

நேரே மரங்கொத்தியிடம் ஓடி வாயைக் காட்டியது. மரங்கொத்தி திறந்த இடுக்கில் அலகை நுழைத்து ஈறைக் கீறி, பல்லை இரண்டாக உடைத்து எடுத்தது.

பஞ்சாயத்தின் ஐந்தாம் நாள், வீக்கம் வடிந்ததும் சடைச்சி மறுபடியும் பாறையில் ஏறியது.

"வாயில் பல் இல்லையே! இறங்கு!" என்று உறுமியது தலைவர்.

"இதோ உங்கள் பல்!" சடைச்சி இரண்டு துண்டுகளையும் அதன் முன்னால் வீசியது. "என்னைப் பட்டினி போட்டது இது. என் வாயை அடைத்தது இது. இதற்குத்தான் அறிவு என்றால், இதையே பேசச் சொல்லுங்கள்! கேட்கிறோம்!"

எல்லாக் கரடிகளும் பல்லைப் பார்த்தன. பல் சும்மா கிடந்தது.

"சடைச்சியே பேசட்டும்!" என்று கீழே நின்ற தாய்க் கரடிகள் கத்தின.

சடைச்சி பேசியது. பொழுது சாய்வதற்குள் தேன்பாறை எல்லாருக்கும் பொதுவானது.

பெருமைக்காக வைத்துக்கொண்டிருக்கும் கேடு பக்கத்தில் இருக்கும் நல்லதையும் கெடுக்கும். அதைக் காலத்தில் களைவதே அறிவு.